"எனக்கு வியர்க்கவே இல்லைம்மா"

நங்கநல்லூரிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு 23 வயது. சென்ற ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகருக்குப் போனார். கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பாமல் வளாகத்திலேயே வேலை பார்க்கிறார். இரண்டு படுக்கையறை வீட்டில் நான்கு பையன்கள். கரன்ட் பில்லுக்குப் பயந்து ஏசியை 86 ஃபாரன்ஹீட்டில் வைத்திருக்கிறார்கள், பாதி நாள் அணைத்தும் விடுகிறார்கள். வேலைக்கு 20 நிமிட சைக்கிள் பயணம். மே மாதத்திலிருந்து காலை எழுந்தால் மூக்கில் ரத்தம், உதட்டில் வெடிப்பு, தலைவலி, நீர்க்கடுப்பு. மூன்று வாரத்துக்கு முன் வலது பக்க முதுகில் தொடங்கி அடிவயிறு வரை இறங்கிய வலி இரண்டு மணி நேரம் படுத்தியிருக்கிறது. ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். ஆஸ்பத்திரி பில்லை நினைத்து எங்கும் காட்டவில்லை. ஒரு நாளைக்கு அரை லிட்டர் பாட்டிலில் மூன்று குடிக்கிறார். கேட்டால், "எனக்கு வியர்க்கவே இல்லைம்மா, அப்புறம் எதுக்குத் தண்ணி?" என்கிறார். கடைசிப் பக்க ஓரத்தில் ஒரு வரி: ஒற்றைத் தலைவலிக்காகச் சென்னை நரம்பியல் மருத்துவர் எழுதிக்கொடுத்த டோபிரமேட் 50 மி.கி. மாத்திரையைக் காலை, இரவு இரண்டு வேளையும் சாப்பிடுகிறார். அதை அங்கே போகிறவர்களிடம் தாய் கொடுத்தனுப்புகிறார்.

அந்தத் தாயின் கேள்விகள்: கத்திரி வெயிலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த பிள்ளை, இதைத் தாங்க மாட்டானா? உடம்புச் சூட்டுக்கு என்ன அனுப்பலாம்? அந்த ஊர்த் தண்ணீரால் சிறுநீரகக் கல் வருமா? படிப்பை விட்டுவிட்டு வரச் சொல்லட்டுமா?

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வரச் சொல்ல வேண்டாம். இந்த வாரமே அவர் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் மூக்கு ரத்தமோ உதட்டு வெடிப்போ இல்லை. நீங்கள் ஓரத்தில் எழுதிய அந்த ஒரு வரிதான்.

அந்த மாத்திரை

டோபிரமேட் நல்ல மருந்துதான். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கப் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, சிலருக்கு வியர்வையைக் குறைத்துவிடும். குழந்தைகளிடம்தான் இது அதிகம்; பெரியவர்களுக்கும் வரும். இரண்டு, ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் அளவை இறக்கி, சிறுநீரில் சிட்ரேட்டைக் குறைத்து, சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டும். கால்சியம் பாஸ்பேட் கல் உருவாக இதைவிடத் தோதான நிலை வேறில்லை. சிறுநீரில் கல் கட்டாமல் காப்பதே சிட்ரேட்தான்.

இதே மாத்திரை சென்னையில் ஒரு தொந்தரவும் தராமல் இருந்திருக்கலாம். 43 டிகிரி வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு நாளை ஓட்டுகிறவருக்கு அதே மாத்திரை வேறு கணக்கு.

விலாவுக்குக் கீழே முதுகில் பிடித்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, கல் நகரும் வழக்கமான பாதை. கடிதத்தை மட்டும் வைத்துக் கல்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலி நின்றுவிட்டதால் கல் போய்விட்டது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பார்க்க வேண்டிய பரிசோதனைகள் இவ்வளவே: சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட், வயிற்று அல்ட்ராசவுண்ட். பைகார்பனேட்டை அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். "டோபிரமேட் சாப்பிடுகிறேன், பக்கவாட்டில் வலி வந்தது, எனக்கு வியர்வை குறைவாக இருக்கிறது" என்று இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் அங்குள்ள மருத்துவருக்கு மற்றது புரிந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே போன் போட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் தலைவலி முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். வலிப்புப் போக்கு உள்ளவர்களுக்கு வலிப்பே வரலாம். மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும். மாற்று மருந்து தருகிறவரிடமும் ஊர் பாலைவனம் என்பதை நினைவூட்ட வேண்டும். ஏனெனில் இதற்கு வழக்கமாகத் தரும் அமிட்ரிப்டிலின் மாத்திரையும் வியர்வையைக் குறைக்கும். புரோப்ரனலால் மாத்திரை சூட்டைச் சமாளிக்கும் இதயத்தின் வேகத்தைக் கட்டிப்போடும். இன்னொன்று: உடலில் நீர் வற்றினாலே ஒற்றைத் தலைவலி கிளம்பும். தண்ணீரைச் சரிசெய்தாலே தலைவலி குறைய வாய்ப்பு உண்டு.

ஐபுப்ரோஃபென் பற்றி. கல் வலிக்கு அது பொருத்தமான மருந்துதான். ஆனால் நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். தலைவலிக்கென்று தினம் ஒன்று விழுங்கும் பழக்கம் இருந்தால் உடனே விட வேண்டும். மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

சென்னை வெயில் வேறு, பீனிக்ஸ் வெயில் வேறு

நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. பீனிக்ஸின் உச்சம் 1990 ஜூன் 26 அன்று பதிவான 50 டிகிரி. 2023-ல் அங்கே தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரிக்குக் குறையவில்லை. எண்களைப் பார்த்தால் நம்மைவிட நான்கைந்து டிகிரிதானே என்று தோன்றும். உண்மையான வித்தியாசம் ஈரப்பதத்தில் இருக்கிறது. நமக்குக் கடல் பக்கத்தில். மே மாதத்தில் வியர்வை சொட்டுகிறது, சட்டை ஒட்டுகிறது. "உருகிப்போகிறோம்" என்று நாம் புலம்பினாலும் அந்தப் பிசுபிசுப்புதான் தண்ணீர் குடிக்கச் சொல்லும் மணி.

பீனிக்ஸில் ஜூன் பிற்பகல் ஈரப்பதம் பல நாள் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வியர்வை தோலுக்கு வந்ததும் ஆவியாகிவிடும். உடல் குளிர இது நல்ல வழிதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துப்போகும். சிக்கல் என்னவென்றால், போனது கண்ணுக்குத் தெரியாது. அந்த வெயிலில் சைக்கிள் மிதிக்கிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் போகலாம், சட்டை காய்ந்தே இருக்கும். தாகமும் தாமதமாகத்தான் எட்டிப்பார்க்கும்.

ஆக, உங்கள் மகன் "வியர்க்கவில்லை" என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். வியர்த்து ஆவியாகிறது, அல்லது மாத்திரையால் உண்மையிலேயே வியர்க்கவில்லை. பிரித்தறிய ஒரு எளிய சோதனை: சைக்கிளை விட்டு இறங்கியதும் முதுகுப்பையைக் கழற்றி, பை அழுத்தியிருந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். அங்கே காற்றுப் போகாது. நனைந்திருந்தால், பையின் பட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், வியர்வை வருகிறது. அந்த இடமும் காய்ந்து, முகம் சிவந்து, தோல் கொதித்தால் அது ஆபத்தான அறிகுறி. அன்றிலிருந்து மருத்துவரைப் பார்க்கும்வரை பகலில் சைக்கிள் வேண்டாம்.

சென்னையில் வளர்ந்ததால் தாங்குவான் என்பதும் முழுக்கச் சரியில்லை. வெயில் பழக ஒரு உடம்புக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். தினமும் கொஞ்சம் வெயில் பட்டால்தான் அந்தப் பழக்கம் நிற்கும். சில வாரங்கள் ஏசி வகுப்பறை, ஏசி நூலகம் என்று இருந்தால் அது கரைந்துபோகும். பத்து வயதில் ஆடிய கிரிக்கெட் இன்று உதவாது.

தண்ணீர்: எவ்வளவு, எப்படி

"உடம்புச் சூடு", "நீர்க்கடுப்பு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் சுண்டிப்போன சிறுநீரைத்தான். கல் வராமலிருக்க ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேற வேண்டும். குடிக்கும் அளவு இல்லை, வெளியேறும் அளவு. விடுமுறை நாளில் ஒருமுறை மட்டும் பழைய பாட்டிலில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. மூன்று பாட்டில் குடிக்கிறவருக்கு அரை லிட்டர் வந்தாலே அதிகம். அந்த ஊரில் வீட்டுக்குள் இருக்கும் நாளிலேயே மூன்றரை லிட்டராவது வேண்டியிருக்கும். வெளியே போகிற நாளில் அதற்கு மேல். வெளியே போகுமுன்னும் வந்த பின்னும் எடை பார்த்தால் கணக்கு துல்லியமாகும்: ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது.

வெயிலில் இருக்கும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. வெறும் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழப்பமும் வலிப்பும் வரும். இரவு படுக்குமுன் ஒரு டம்ளர், நடுவில் எழுந்தால் இன்னொன்று. தினமும் ஒரு பெரிய எலுமிச்சையைப் பிழிந்து, உப்போ சர்க்கரையோ சேர்க்காமல், நாள் முழுக்கக் குடிக்கலாம். கொஞ்சம் சிட்ரேட் கிடைக்கும்.

ஓ.ஆர்.எஸ். அனுப்பலாம், ஆனால் தினம் குடிப்பதற்கு இல்லை. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும், கல்லுக்கு அது தீனி. நிறைய வியர்த்த நாள், வாந்தி, வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று போட்ட பொட்டலமாகப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு இருக்கும். பழச்சாறு போல டப்பாவில் வரும் இனிப்புப் பானங்கள் வேறு. அவற்றின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

மோர் நல்லது; தயிர் அங்கே எல்லாக் கடையிலும் உண்டு. நன்னாரி சர்பத் ஆசைக்கு ஒரு பாட்டில் அனுப்புங்கள், அதில் முக்கால்வாசி சர்க்கரை என்ற நினைப்போடு. "சத்துக்கு" என்று 1000 மி.கி. வைட்டமின் சி மாத்திரை மட்டும் வேண்டாம். அது ஆக்சலேட்டாக மாறும், கல்லுக்கு இன்னொரு வழி.

பீனிக்ஸ் தண்ணீர் கடினத் தண்ணீர்தான். கொலராடோ, சால்ட், வெர்டே ஆறுகளிலிருந்து வருவது, குழாய் முனையில் வெள்ளையாகப் படியும். குழாயில் படிவதால் சிறுநீரகத்திலும் படியும் என்று நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. கல் வருவது அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் இல்லை, போதுமான அளவு குடிக்காததால். ருசி பிடிக்கவில்லையென்றால் ஒரு வடிகட்டி ஜக் போதும்.

ஏசியும் ஃபேனும்

86 ஃபாரன்ஹீட் என்றால் 30 டிகிரி. நம் வீட்டுக்கு அது பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அந்த ஊரில் ஏசியை அணைத்தால் அறை 35-ஐத் தாண்ட அதிக நேரம் ஆகாது. ஜூலையில் நள்ளிரவிலும் வெளியே 32 இருக்கும், ஜன்னலைத் திறந்து பயனில்லை. நம் பழக்கத்தில் உடனே ஃபேனைச் சுழல விடுவோம். அறைக்காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக, அதாவது 35-க்குக் கீழே இருக்கும்வரைதான் ஃபேன் நல்லது. 40 டிகிரி அறையில் ஃபேன் போடுவது அடுப்பு ஊதுவது மாதிரி, சூட்டையும் ஏற்றி நீரையும் உறிஞ்சும். வியர்வை குறைந்த உடம்புக்கு இன்னும் கேடு. பீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா மாவட்டத்தில் 2023-ல் வெப்பத்தோடு தொடர்புடைய 645 மரணங்கள் பதிவாயின. வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோரின் வீட்டில் ஏசி இருந்தது, ஓடவில்லை.

நான் சொல்லும் ஏற்பாடு: ஏசி 78 முதல் 80 ஃபாரன்ஹீட், கூடவே சீலிங் ஃபேன். பில் குறைய வழி வேறு. நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும் திட்டமாக இருந்தால் மாலை உச்ச நேரத்தில்தான் யூனிட் விலை ஏறும். அதற்கு முன் இரண்டு மணி நேரம் 76-க்கு இறக்கி வீட்டைக் குளிரவைத்து, உச்ச நேரத்தில் 82-க்கு ஏற்றலாம். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே வெள்ளைத் திரை. மாதம் ஒருமுறை ஏசி ஃபில்டர் மாற்றாவிட்டால் தூசி அடைத்து, பில் ஏறி, குளிர்ச்சி இறங்கும். நாலு பேரில் ஒருவர் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதை மற்ற மூவருக்கும் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

ஏசி பழுதானால் வீட்டுக்காரர் தயவை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. பீனிக்ஸ் நகர விதிப்படி வாடகை வீட்டின் ஏசி அறையை 82 ஃபாரன்ஹீட்டுக்கு, தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலராக இருந்தால் 86-க்கு இறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அரிசோனா வாடகைச் சட்டத்தில் 33-1364 என்ற பிரிவு உண்டு: எழுத்தில் தெரிவித்தும் குளிர்ச்சி வசதியைச் சரிசெய்யாவிட்டால், நியாயமான செலவில் தானே ஏற்பாடு செய்து வாடகையில் கழிக்கவோ, சரியாகும்வரை வேறிடத்தில் தங்கவோ வாடகைதாரருக்கு உரிமை தருகிறது. போனில் சொன்னது போதாது, தேதியோடு மின்னஞ்சல். இதற்குமேல் சட்டக் கேள்வி என்றால் பல்கலைக்கழகத்தின் மாணவர் சட்ட உதவிப் பிரிவைக் கேட்கட்டும்.

பில் பயம்

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக இரண்டு மணி நேர வலியை மறைத்துப் படுப்பதில் இல்லை. முதல் இடம் வளாக மருத்துவ மையம். காப்பீட்டு அட்டையோடு முன்பதிவு செய்து போனால் மேலே சொன்ன ரத்தம், சிறுநீர் சோதனைகளுக்கு அதுவே போதும். மையம் மூடியிருக்கும் நேரத்தில், அவசரமும் இல்லாமல் காத்திருக்கவும் முடியாமல் இருந்தால் அர்ஜென்ட் கேர் எனும் உடனடிச் சிகிச்சை கிளினிக். தன் காப்பீட்டு நெட்வொர்க்கில் எது பக்கத்தில் இருக்கிறது என்று இன்றே பார்த்து வைக்கட்டும். வலி வரும்போது தேட முடியாது.

எமர்ஜென்சிக்குப் போக வேண்டிய நிலை வந்தால் தயங்கக் கூடாது. 1986-லிருந்து அமலில் உள்ள அமெரிக்கச் சட்டப்படி, மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டை ஏற்கும் மருத்துவமனையின் எமர்ஜென்சி பிரிவு, காப்பீடு உண்டா, பணம் உண்டா, எந்த விசா என்று பார்க்காமல் பரிசோதித்து நிலைப்படுத்தியே ஆக வேண்டும். பில் பிறகு வரும், அது உண்மை. லாபநோக்கற்ற மருத்துவமனைகள் வருமானம் குறைந்தவர்களுக்கான உதவித் திட்டம் வைத்திருப்பது கட்டாயம்; விண்ணப்பத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

இதை மகனுக்கு அப்படியே அனுப்புங்கள்

தம்பி, கீழே உள்ளவற்றை உங்கள் அறை நண்பர்களுக்கும் காட்டுங்கள்.

முதலாவது: பக்கவாட்டு வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, வாந்தியால் தண்ணீர் தங்காவிட்டாலோ அன்றே எமர்ஜென்சி. அடைத்த கல்லில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும்.

இரண்டாவது: வெயிலில் தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, ஆனால் பேச்சு தெளிவு என்றால் ஏசி அறை, ஈரத்துணி, மெதுவாகத் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவர்.

மூன்றாவது: பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், மயங்குகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் வெப்பத்தாக்கு. 911-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை குளிரவையுங்கள். குளியல் தொட்டியில் தண்ணீரும் ஐஸும் நிரப்பிக் கழுத்துவரை இறக்கி, ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஊரில் கோடையில் பச்சைத் தண்ணீர்க் குழாயே வெந்நீர் தரும், அதனால் ஃப்ரீசரில் இரண்டு பெரிய பை ஐஸ் எப்போதும் இருக்கட்டும். தொட்டி இல்லையென்றால் நனைந்த போர்வை, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ். குழம்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். பாராசிட்டமால் இதில் வேலை செய்யாது. இது கிருமியால் வரும் காய்ச்சல் இல்லை.

சைக்கிளைக் காலை எட்டுக்கு முன்னும் சூரியன் மறைந்த பின்னும் மட்டும் எடுங்கள். அங்கே உச்சி வெயிலைவிட மாலை 3 முதல் 6 மணிதான் கடுமை. இடைப்பட்ட நேரத்தில் திரும்ப வேண்டியிருந்தால் பஸ்ஸின் முன்பக்கத் தாங்கியில் சைக்கிளை மாட்டிவிட்டு வந்துவிடலாம். வெறுங்காலோடு தார்ச்சாலையில் கால் வைக்க வேண்டாம். 70 டிகிரி வரை ஏறும், நொடிகளில் கொப்புளம்.

இனி உங்களுக்கு, அம்மா. மூக்கு ரத்தம் பெரும்பாலும் வறண்ட காற்றால்தான். தலையை அண்ணாந்து பிடிக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்; ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10, 15 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். 20 நிமிடத்தில் நிற்காவிட்டால் மருத்துவமனை. தினம் இரண்டு வேளை மூக்கில் உப்புநீர் ஜெல். குளித்து ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய், இதற்கு நீங்கள் அனுப்பும் பாட்டிலே போதும். பெட்டியில் சளிக்கும் அரிப்புக்குமாக வைக்கும் பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகள் வேண்டாம். தூக்கம் தருபவை பெரும்பாலும் வியர்வையையும் குறைக்கும். டோபிரமேட்டையும் ஆள் பிடித்து அனுப்புவதை நிறுத்திவிட்டு, நம் மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயர், அளவு, தொடங்கிய தேதி எழுதிய ஆங்கிலக் கடிதம் வாங்கி அனுப்புங்கள். அங்குள்ள மருத்துவர் அதைப் பார்த்துத் தொடரவோ மாற்றவோ செய்வார்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர்வரை அங்கே மழைக்காலம். மழையைவிடப் புழுதிச் சுவர்தான் அதிகம் வரும். அந்த மண்ணில் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை உண்டு. மூச்சில் போனால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் காய்ச்சல், இருமல், ஆளை அடித்துப்போட்ட அசதி. வேலி ஃபீவர் என்பார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, பலருக்குத் தானே சரியாகும். ஆனால் எக்ஸ்ரேயில் நிமோனியா போலவோ காசநோய் போலவோ தெரியும். டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது இருமல் விடாமல் இருந்தால், இங்கே பார்க்கும் மருத்துவர் சளிச் சோதனை எழுதுமுன் "பையன் அரிசோனாவில் இருந்தான்" என்று சொல்லிவிடுங்கள்.